தேர்ச்சித் தாளும் வேலையிட வாழ்வும்: எழுத்தறிவுப் பயிற்சியின் விளைவை அளத்தல்



இவ்வுரைத் தொடரில் இலக்கியம் பேசப்பட்டிருக்கிறது; இலக்கணமும் மொழிபெயர்ப்பும் பேசப்பட்டிருக்கின்றன. இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப்போல் பொலிவுடையதன்று. வேலை செய்யும் இடத்தில் ஓர் ஊழியருக்கு வேண்டிய வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் கற்பிப்பதை வேலையிட எழுத்தறிவுப் பயிற்சி என்கிறோம். அப்பயிற்சி பயன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? இதுவே எங்கள் வினா.

'நாங்கள்' என்று இங்கே குறிப்பிடுவது ஒரு சிறு ஆசிரியர் குழுவை. துப்புரவு, பாதுகாவல், கட்டுமானம் ஆகிய பணிகளில் இருக்கும் தமிழர்களுக்கு ஞாயிறு பிற்பகல்களில் ஆங்கில வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்பித்து வருகிறோம். மேடையில் நின்று வாசிப்பவர் ஒருவராயினும் இவ்வுரையை எழுதியவர்கள் நாங்கள் அனைவரும். இதில் ஒப்புக்கொள்ளப்படும் பிழையும் எங்கள் அனைவருடையது.

இரண்டு அக்காமார்

எங்கள் வகுப்பில் படித்த இருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இருவரும் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவுப் பணி செய்தவர்கள்; ஐம்பதைக் கடந்தவர்கள். வகுப்பில் எல்லாரும் அவர்களை அக்கா என்றே அழைத்தோம். பெயர் சொல்லாமல் மூத்தவர், இளையவர் என்றே இங்கும் குறிப்பிடுகிறோம்.

மூத்தவர் நினைவாற்றல் மிக்கவர். பாடத்தில் வந்த சொற்களைப் பேருந்தில் உருப்போட்டுக்கொண்டே வருவார். வகுப்பின் இறுதியில் நடந்த வாசிப்புத் தேர்வில் ஒரு படி உயர்ந்தார். எங்கள் அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினோம். இளையவர் சிறுவயதில் பள்ளிக்கே போகாதவர். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார். தேர்வு நேரம் முடிந்தபோது அவர் பாதித் தாளைக்கூடத் தாண்டவில்லை. அவருடைய நிலை தொடக்கத்தில் இருந்த படியிலேயே நின்றது. அவர் பெயருக்கு நேரே 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினோம். அறிக்கையை ஒப்படைத்தோம், பாராட்டும் பெற்றோம்.

சில மாதங்களுக்குப் பின் இருவரையும் மீண்டும் சந்தித்தோம். மூத்தவருடைய பணிநேர அட்டவணையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணே இன்னமும் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன் அக்கா, நீங்களே படிக்கலாமே?" என்று கேட்டோம். "அங்க எனக்குப் படிக்க என்ன தம்பி இருக்கு? சூப்பர்வைசர் எல்லாத்தையும் வாயாலேயே சொல்லிடுறாரு. வகுப்புல படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்றார்.

இளையவர் சொன்ன செய்தி வேறு. அவர் இத்தனை ஆண்டுகளாகத் துப்புரவுத் திரவங்களைப் போத்தலின் நிறத்தைக்கொண்டே இனங்கண்டு வந்தவர். நீலம் தரைக்கு, பச்சை கண்ணாடிக்கு என்பது அவர் கணக்கு. நிறுவனம் ஒருநாள் வேறொருவரிடமிருந்து பொருள் வாங்கத் தொடங்கியது. போத்தல்களின் நிறங்கள் மாறிவிட்டன. மற்றவர்கள் பழைய பழக்கத்திலேயே எடுத்து ஊற்ற, இவர் கையை நிறுத்தினார். ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு போத்தல்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் சென்று, "இதுல ப்ளீச்னு போட்டிருக்கு, அதுல ஆசிட்னு போட்டிருக்கு, ரெண்டையும் ஒரே வாளியில ஊத்தலாமா?" என்று கேட்டார்.

ஊற்றக் கூடாது. வெளுப்பான் திரவமும் அமிலம் கலந்த கழிவறைத் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறு அறையில் அது நுரையீரலைப் பாதிக்கும். அந்தக் கேள்வி எழுந்ததால் அன்று அந்த வாளி கலக்கப்படவில்லை. அதைவிட வியப்பானது ஒன்றுண்டு. அத்தனை ஆண்டுப் பணியில் மேற்பார்வையாளரிடம் அவர் தாமாகச் சென்று கேட்ட முதற்கேள்வி அதுதானாம்.

எங்கள் அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். பயன்பட்ட கல்விக்கு நேரே 'முன்னேற்றம் இல்லை' என்றும், மறந்துபோன கல்விக்கு நேரே 'தேர்ச்சி' என்றும் எங்கள் கையாலேயே எழுதியிருந்தோம். அன்றிலிருந்துதான் அளவீடு பற்றி நாங்கள் படிக்கத் தொடங்கினோம்.

கைநாட்டு முதல் சம்பளச் சீட்டு வரை

வேலையிடமும் எழுத்தும் சந்திக்கும் இடம் நம் மக்களுக்குப் புதியதன்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோர்களின் உழைப்பு, செக்ரோல் ஏட்டில் கிராணியின் கையெழுத்தாகவே பதிவாயிற்று. பால் எத்தனை, நாள் எத்தனை, பிடித்தம் எவ்வளவு என்பவை அனைத்தும் அந்த ஏட்டில் இருந்தன. ஏட்டைப் படிக்கத் தெரியாதவர் சம்பள நாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கொடுத்ததை வாங்கிச் சென்றார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென்றது. அது பிள்ளைகளுக்கான ஏற்பாடு. பெரட்டில் நின்ற தாய் தந்தையரின் எழுத்தறிவைப் பற்றி அங்குப் பேச்சில்லை.

அந்தத் தோட்டத் தொழிலாளிக்கு எழுத்தறிவுப் பயிற்சி தந்திருந்தால் அதன் விளைவை எப்படி அளந்திருப்போம்? எத்தனை சொல் தெரியும் என்று கேட்டிருக்க மாட்டோம். தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டதைத் தாமே படித்து, தவறு இருந்தால் "இது சரியில்லை" என்று அவர் சொல்ல முடிகிறதா என்று பார்த்திருப்போம்.

சிங்கப்பூரில் இன்று அந்த ஏட்டின் இடத்தில் சம்பளச் சீட்டு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளிகளின் கடமை. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், மிகைநேர வேலை ஆகியவை அதில் தனித்தனியே காட்டப்பட வேண்டும். மிகைநேர வேலைக்குரிய தகுதியுடைய ஊழியருக்கு, மணிநேர அடிப்படைச் சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தரவேண்டும் என்பதும் சட்டம். சீட்டு கைக்கு வந்துவிட்டது. அதைப் படித்து ஒன்றரையால் பெருக்கிச் சரிபார்க்கும் திறனும் கூடவே வந்தால்தான் சட்டம் தந்த உரிமை முழுமையாகும்.

நம் நாட்டின் முயற்சிகள்

இத்திறனைப் பெரியவர்களுக்கு வழங்க நம் நாடு நெடுங்காலமாக முயன்று வருகிறது. 1979இல் திறன் மேம்பாட்டு நிதி அமைக்கப்பட்டது. 1983இல் 'பெஸ்ட்' எனப்பட்ட அடிப்படைக் கல்வித் திட்டம் தொடங்கி, தொடக்கநிலை அளவில் ஆங்கிலமும் கணக்கும் ஊழியர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 1987இல் உயர்நிலை அளவிலான 'வைஸ்' திட்டம் அதைத் தொடர்ந்தது. 2003இல் சிங்கப்பூர் ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு தோன்றியபின், கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல், எண்ணறிவு என்று பகுத்துச் சோதிக்கும் வேலையிட எழுத்தறிவுத் திட்டம் வந்தது. நம் அவையில் இருப்போர் பலரின் பெற்றோர், வேலை முடிந்த களைப்போடு இத்தகைய வகுப்புகளில் அமர்ந்தவர்கள்.

2014இல் துப்புரவு நிறுவனங்களுக்கு உரிம முறை வந்தது. படிப்படியாக உயரும் சம்பள முறையும் பயிற்சியும் அவ்வுரிமத்தின் நிபந்தனைகளாயின. இது வரவேற்கத்தக்க மாற்றம். கூடவே ஒன்றைக் கருத வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் சம்பளத்தோடு இணைக்கப்படும்போது, அச்சான்றிதழ் எதை அளக்கிறது என்ற கேள்வி கல்வியாளரின் ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் நிற்பதில்லை. அது ஒரு குடும்பத்தின் மாத வரவைத் தொடும் கேள்வியாகிவிடுகிறது.

நான்கு படிகள்

பயிற்சியின் விளைவை அளப்பது பற்றிப் பேசுவோர் அனைவரும் டானல்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதிய கட்டுரைகளுக்குத் திரும்புவர். அவர் நான்கு படிகளைக் காட்டினார். பயிற்சி பிடித்திருந்ததா என்பது முதற்படி. கற்பித்ததைக் கற்றுக்கொண்டார்களா என்பது இரண்டாம் படி. வேலைக்குத் திரும்பியபின் நடத்தையில் மாற்றம் வந்ததா என்பது மூன்றாம் படி. அம்மாற்றத்தால் வேலையிடத்தில் என்ன நன்மை விளைந்தது என்பது நான்காம் படி.

முதலிரண்டு படிகளை வகுப்பறைக்குள்ளேயே அளந்துவிடலாம். கடைசி நாளில் ஒரு கருத்துப் படிவம், ஒரு தேர்வு, வேலை முடிந்தது. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் ஆசிரியர் வகுப்பறையை விட்டு வெளியேறி, நாள்கள் கழித்து, வேலை நடக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். அதற்குக் காலமும் பணமும் தேவை. முதலாளியின் இசைவும் தேவை. ஆகவே பெரும்பாலான பயிற்சிகள் முதலிரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. நாங்களும் அங்குதான் நின்றிருந்தோம். எங்கள் இளைய அக்கா போத்தலைத் தனியே எடுத்து வைத்தது மூன்றாம் படியில் நிகழ்ந்தது. வாயு வெளிப்படாமல் தடுக்கப்பட்டது நான்காம் படியில் நிகழ்ந்தது. எங்கள் அளவுகோல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

எண்ணிக்கை செய்யும் மாயம்

இங்கே இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் தொடக்ககால அறிக்கைகளில், தேர்வு எழுதியோரை மட்டுமே கணக்கில் கொண்டோம். இதனால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வகுப்பில் 20 பேர் சேர்கிறார்கள் என்று கொள்வோம். வேலை நேரம் மாறியதாலும் உடல்நலக் குறைவாலும் 8 பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள். எஞ்சிய 12 பேர் தேர்வு எழுத, 9 பேர் தேறுகிறார்கள். எழுதியோரைக்கொண்டு கணக்கிட்டால் தேர்ச்சி விகிதம் 75 விழுக்காடு. சேர்ந்தோரைக்கொண்டு கணக்கிட்டால் அது 45 விழுக்காடு. இரண்டும் உண்மைக் கணக்குகளே. முதற்கணக்கு இடையில் நின்ற எட்டுப் பேரை மறைத்துவிடுகிறது. வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே பெரும்பாலும் அந்த எட்டுப் பேராக இருக்கிறார்கள்.

நம்மைவிடப் பெரிய அளவில் இம்முயற்சியைச் செய்து பார்த்த ஒரு நாட்டின் பட்டறிவு இங்கே பயன்படும். இங்கிலாந்தில் 1999இல் வெளிவந்த மோசர் அறிக்கை, பெரியவர்களில் ஐவருள் ஒருவர் தொலைபேசிக் கையேட்டின் அட்டவணையில் குழாய் பழுதுபார்ப்போருக்குரிய பக்கத்தைக்கூடக் கண்டுபிடிக்க இயலாதவர் என்று சொல்லி நாட்டை அதிர வைத்தது. 2001இல் 'வாழ்வுக்கான திறன்கள்' என்ற பெருந்திட்டம் தொடங்கியது. 2010க்குள் 22.5 இலட்சம் பேரின் அடிப்படைத் திறனை உயர்த்துவது இலக்கு. அதற்கு ஆதாரமாகச் சான்றிதழ்கள் எண்ணப்பட்டன. இலக்கு குறித்த காலத்திற்கு முன்பே எட்டப்பட்டது.

பின்னர் 2011இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்தது. 2003இல் எழுத்தறிவில் அடிநிலையில் இருந்தோர் 16 விழுக்காட்டினர். 2011இல் 15 விழுக்காட்டினர். எண்ணறிவில் அடிநிலையில் இருந்தோர் 47 விழுக்காட்டிலிருந்து 49 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எழுத்தறிவின் மேல்நிலையில் நல்ல உயர்வு காணப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எளிதில் சான்றிதழ் பெறக்கூடியவர்கள் முன்னே சென்றார்கள். அடியில் இருந்தவர்கள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சான்றிதழை எண்ணும் திட்டம், சான்றிதழுக்கு மிக அருகில் இருப்பவரையே தேடிச் செல்கிறது. இது யாருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்வதில்லை. அளவுகோலின் இயல்பே அவ்வாறு இழுத்துச் செல்கிறது.

பயன்படுத்துவோர்க்கே நிலைக்கிறது

அதே இங்கிலாந்தில் அலிசன் வூல்ஃப், கேரன் எவன்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் வேலையிடங்களில் நடந்த எழுத்தறிவு வகுப்புகளில் பயின்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்கள் நூல் 2011இல் வெளிவந்தது. குறுகிய கால வகுப்புகளால் தேர்வு மதிப்பெண் பெரிதாக உயரவில்லை என்பது அவர்களின் ஒரு முடிவு. ஆங்கிலத்தைப் பின்னாளில் கற்ற பிறமொழியாளரிடம் முன்னேற்றம் கூடுதலாகக் காணப்பட்டது என்பது மற்றொன்று. எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்டது மூன்றாவது: வகுப்பு முடிந்தபின் வேலையில் வாசிக்கவும் எழுதவும் வாய்ப்புப் பெற்றவர்களே தொடர்ந்து முன்னேறினர்.

எங்கள் மூத்த அக்காவின் கதை இப்போது விளங்குகிறது. அவர் மறந்தது அவருடைய குற்றமன்று. கற்பித்தவர்களின் குறை மட்டுமும் அன்று. அவருடைய வேலையில் படிப்பதற்கு எதுவும் வைக்கப்படவில்லை. எல்லாமே வாய்மொழியாகச் சொல்லப்படும் இடத்தில் வாசிப்பு எப்படி நிலைக்கும்? ஆகவே பயிற்சியின் விளைவை அளக்கப் புகும்போது ஊழியரை மட்டும் அளந்தால் போதாது. வேலையிடத்தையும் அளக்க வேண்டும். 'இவர் படிக்கக் கற்றாரா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில், 'இவர் படிக்கும்படி இவருடைய வேலை அமைந்திருக்கிறதா?' என்ற கேள்வியும் எழுதப்பட வேண்டும்.

முதலாளிகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்போருக்கும் ஒரு செய்தி உண்டு. கனடாவில் தங்குவிடுதித் துறை ஊழியர்களிடையே 'அப்ஸ்கில்' என்ற ஆய்வு நடந்தது. முடிவுகள் 2014இல் வெளிவந்தன. நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் ஊழியர்களுக்கு வேலை நேரத்திலேயே எழுத்தறிவுப் பயிற்சி தந்து, மற்றதை ஒப்பீட்டிற்காக வைத்துக்கொண்டனர். பயிற்சி பெற்றோரின் எழுத்தறிவும் வேலைத்திறனும் மற்றவர்களைவிட உயர்ந்தன. நிறுவனங்களுக்கு ஆன செலவைக் காட்டிலும் கிடைத்த பயன் சராசரியில் கூடுதலாக இருந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததனாலேயே அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. அப்பிரிவு இல்லாதிருந்தால், காலப்போக்கில் தானே வந்த பழக்கத்தையும் பயிற்சியால் வந்த திறனையும் பிரித்தறிய முடிந்திராது.

எந்த மொழியின் எழுத்தறிவு?

மொழி மன்றத்தின் மேடையில் இக்கேள்வியைக் கேட்காமல் செல்ல முடியாது.

பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு நடத்தும் அனைத்துலகப் பெரியோர் திறன் ஆய்வில் சிங்கப்பூர் முதன்முறை கலந்துகொண்டபோது, முடிவுகள் 2016இல் வெளியாயின. எழுத்தறிவில் நம் சராசரி 258 புள்ளிகள். அவ்வமைப்பு நாடுகளின் சராசரி 268. நம் இளையோர் சிறந்து விளங்கினர். மூத்தோர் மிகவும் பின்தங்கினர். செய்தியைக் கேட்டவுடன் நம் முதியோர்க்கு எழுத்தறிவு குறைவு என்ற எண்ணமே தோன்றும். ஆனால் சிங்கப்பூரில் அத்தேர்வு ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது. தமிழ்ப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ மலாய்ப் பள்ளியிலோ படித்து, நாள்தோறும் தம் மொழியில் செய்தித்தாள் படித்துவந்த ஒருவருடைய வாசிப்பு அந்த எண்ணுக்குள் வரவில்லை. அந்த எண் பொய்யன்று. அது அளந்தது ஆங்கில எழுத்தறிவை. அதை நாம் வெறும் எழுத்தறிவு என்று வாசித்துவிடக் கூடாது.

கட்டுமானத் தளங்களில் தொங்கும் 'அபாயம்' என்ற பலகையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான்கு மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். கட்டுமான ஊழியர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. உயிர் காக்கும் செய்தி, கேட்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற தெளிவு அங்கே இருக்கிறது. ஆனால் போத்தலின் சீட்டும், பணிநேர அட்டவணையும், கைப்பேசியில் வரும் அறிவிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. ஆகவே ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கவே வேண்டும். அதில் எங்களுக்கு ஐயமில்லை. நாங்கள் வேண்டுவது, கற்பிக்குமுன் அவருடைய தாய்மொழி வாசிப்பையும் கேட்டறிய வேண்டும் என்பதே.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை படித்துவந்த ஓர் இளைஞரும், பள்ளிக்கே போகாத எங்கள் இளைய அக்காவும், ஆங்கிலத் தேர்வில் ஒரே அடிநிலையில் நிற்பார்கள். ஆனால் அந்த இளைஞருக்கு அட்டவணை என்றால் என்ன, படிவம் என்றால் என்ன, ஒரு பத்தியில் முக்கியச் செய்தியைத் தேடுவது எப்படி என்பவை ஏற்கெனவே தெரியும். புதிய எழுத்தும் சொல்லுமே அவருக்கு வேண்டும். அக்காவுக்கோ, கோடுகள் ஒலியாகும் விந்தையே அப்போதுதான் தொடங்குகிறது. இருவரையும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தோடு அமர்த்தி, ஒரே தேர்வால் அளந்தால், இளைஞரின் வேகம் ஆசிரியரின் சாதனையாகவும் அக்காவின் நிதானம் அவருடைய தோல்வியாகவும் பதிவாகும். தாய்மொழியில் ஒரு சிறு வாசிப்புச் சோதனை, பத்து நிமிட வேலை, இந்தத் தவற்றைத் தடுக்கும்.

நாங்கள் இப்போது செய்வன

எங்கள் வகுப்பில் நாங்கள் கைக்கொண்டுள்ள சில நடைமுறைகளைச் சொல்லி முடிக்கிறோம். இவை பெரும் செலவு பிடிக்காதவை.

முதலாவது, வகுப்பு தொடங்குமுன் ஊழியர்களின் வேலையில் கண்ணில் படும் எழுத்துகளைத் திரட்டுகிறோம். போத்தல் சீட்டு, அட்டவணை, விடுப்புப் படிவம், விபத்து அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவையே எங்கள் பாடநூல். '1:50' என்ற கலவை விகிதத்தைப் பார்த்து, ஐந்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி லிட்டர் திரவம் என்று சொல்ல முடிவதே எங்கள் கணக்குத் தேர்வு.

இரண்டாவது, சேரும் நாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிசை கொண்ட ஓர் அட்டை எழுதுகிறோம். ஒரு வரிசையில் தமிழ் வாசிப்பு. மறு வரிசையில் ஆங்கில வாசிப்பு. இடையில் நின்றுவிடுபவரின் அட்டையைக் கிழிப்பதில்லை. நின்றதன் காரணத்தை அதில் எழுதி வைக்கிறோம்.

மூன்றாவது, வகுப்பு முடிந்து மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் மீண்டும் சந்திக்கிறோம். அப்போது தேர்வு வைப்பதில்லை. "போன வாரம் வேலையில் என்ன படித்தீர்கள்? என்ன எழுதினீர்கள்? யாரிடம் என்ன கேட்டீர்கள்?" என்று வினவுகிறோம். மேற்பார்வையாளரிடமும் தனியே கேட்கிறோம். இரு விடைகளும் பொருந்தாத இடத்தில்தான் எங்களுக்குப் பாடம் கிடைக்கிறது.

நான்காவது, இடமில்லாமல் அடுத்த வகுப்புக்காகக் காத்திருப்போரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்கிறோம். எவருக்கும் கல்வியை மறுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க இது எளிய வழி. எங்களைப் போன்ற சிறு குழுவின் ஒப்பீடு ஆய்வு என்ற பெயருக்குத் தகாது; ஆயினும் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்ளாதிருக்க அது உதவுகிறது.

ஐந்தாவது, தனியொருவரின் மதிப்பெண்ணை முதலாளியிடம் கொடுப்பதில்லை. வகுப்பு முழுவதற்குமான நிலையை மட்டுமே தெரிவிக்கிறோம். படிக்கத் தெரியாது என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர் உண்மையைச் சொல்ல மாட்டார். "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பிப்பார். அந்தக் கண்ணாடிச் சொல்லை எங்களில் கேட்காதவர் யாருமில்லை. அச்சம் இருக்கும் இடத்தில் எடுத்த அளவு, அச்சத்தின் அளவாகவே இருக்கும்.

இம்முறையில் எழுதும் அறிக்கை பார்வைக்கு அழகாக இராது. விகிதங்கள் தாழ்ந்தே தெரியும். ஓர் ஆண்டு அப்படி ஓர் அறிக்கையைக் கொடுத்ததற்காக, எங்களுக்கு இடம் தந்து உதவிய ஒருவர், "போன முறை நன்றாகச் செய்தீர்களே, இப்போது ஏன் இப்படி?" என்று வருந்திக் கேட்டார். போன முறையும் இப்படித்தான் இருந்தது, அப்போது நாங்கள் பார்க்கவில்லை என்று விளக்கினோம். அடுத்த ஆண்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. அந்த இழப்பை நாங்கள் மறைக்கவில்லை. நேர்மையான அளவீட்டிற்கு ஒரு விலை உண்டு. அதை ஒரு சிறு ஆசிரியர் குழு தனியே செலுத்துவது கடினம். பயிற்சிக்குப் பொருள் உதவுவோரும், ஊழியரை அனுப்புவோரும், அறிக்கையைப் படிப்போரும் தாழ்ந்த எண்ணைக் கண்டு முகம் சுளிக்காமல் 'ஏன்?' என்று கேட்கத் தொடங்கினால், அந்த விலை எல்லாருக்கும் பகிரப்படும். இவ்வவையிடம் எங்கள் வேண்டுகோள் அதுவே.

மூத்த அக்காவைப் பற்றி ஒரு சொல். அவருடைய மேற்பார்வையாளரைச் சந்தித்துப் பேசினோம். வாய்மொழியாகச் சொல்வதோடு, அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பொருள் அறையின் சுவரில் ஒட்டவும் அவர் இசைந்தார். அதைத் தினமும் படித்து மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு அக்காவிடம் கொடுக்கப்பட்டது. முதல் வாரம் இருமுறை தவறாகப் படித்தாராம். இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேடிச் செல்வதில்லை.

இளைய அக்காவின் பழைய அட்டையை எடுத்து, 'முன்னேற்றம் இல்லை' என்ற வரியை அடிக்காமல் அப்படியே விட்டு, அதன் கீழே போத்தல் நிகழ்ச்சியை நாள் குறித்து எழுதி வைத்தோம். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வோர் ஆசிரியரும் முதலில் படிப்பது அந்த அட்டையைத்தான்.